வெள்ளை ஜீப்புப் பாட்டு

அந்தப் பாட்டை நான் மேடையில் பாடிய மறுநாள் காலை, தெரியாத நம்பரிலிருந்து முதல் போன் வந்தது. ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரியைக் கீழே வைக்காமலே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.

"நீங்கதான் ஜீப்பு பாட்டு பாடனவங்களா?"

"ஆமாங்க."

"யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"நானேதாங்க எழுதனேன்."

அந்தப் பக்கம் டீக்கடைச் சத்தம் கேட்டது. "பாத்து இருந்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மிரட்டினாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஜாக்கெட்டின் கையை அளவு மாற்றி வெட்டிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை உண்டு. முன்பாதியில் என் வீட்டுக்காரரின் மைக் செட், பின்பாதியில் என் தையல் மெஷின். இரண்டு பேருமே கல்வராயன் மலையில் பிறந்தவர்கள். அவர் வாலிபத்தில் கீழே இறங்கி ஒரு மைக் செட்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகப் பெட்டிகள் வாங்கியவர். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் செட் கட்டுவார். எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டார். காலையில் ஒரு கட்சிக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரை மாலையில் அதன் எதிர்க்கட்சிக்குக் கட்டியிருக்கிறார். "ஸ்பீக்கருக்கு இன்னா கொள்கை?" என்பார்.

பொங்கலை ஒட்டி உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று நாட்டுப்புறப் பாட்டுப் போட்டி அறிவித்தது. நம் ஊரைப் பற்றி நாமே கட்டிய பாட்டாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. எனக்குப் பாட்டு வரும். மலையில் களை பறிக்கும்போது பாடிப் பழகிய தொண்டை. அவர்தான், "போய்ப் பாடு, சும்மா மெஷின் சத்தத்துலயே பாடிக்கினு இருந்தா யாருக்குக் கேக்கும்?" என்று சொல்லிப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். என்ன பாடப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. மலை, அருவி, சாமை, தேன் என்று ஏதாவது பாடுவேன் என்று நினைத்திருப்பார்.

எனக்கு மலை என்றதும் அண்ணிதான் நினைவுக்கு வந்தார். அதற்கு முந்திய மழைக்காலத்தில் என் அண்ணன் பெண்சாதிக்கு வலி கண்டது. எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. வெள்ளிமலை போகும் தார் ரோட்டுக்கு வர ஓடை தாண்டி, காட்டுக்குள் நடந்துதான் வர வேண்டும். கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, அதில் அண்ணியைப் படுக்கவைத்து, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் நின்றுகொண்டுதான் இருந்தது. அதுவரை வர அண்ணிக்கு முடிந்தது, குழந்தைக்கு முடியவில்லை. அண்ணி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் கூட இருந்தேன். அவர் அழவில்லை. "அவங்கள்லாம் ஓடையில வழுக்கி வழுக்கி வந்தாங்க பாப்பா. பாவமா இருந்துச்சு" என்று தூக்கி வந்தவர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டைக் கட்டியதும் முதலில் அண்ணிக்குத்தான் போனில் பாடிக் காட்டினேன். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு வந்து நின்று கேட்டார். முடிந்ததும், "பாடு" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார்.

*ஓட்டுக் கேக்க வந்துதம்மா வெள்ளை ஜீப்பு – அது*
*ஓடையெல்லாம் தாண்டி வந்த வெள்ளை ஜீப்பு*
*புள்ளத்தாச்சி நோவெடுத்து அலறையில – அந்த*
*வெள்ளை ஜீப்பு எங்க போச்சு மலையில?*

*சாராய டியூப் எறங்க வழியிருக்கு – ஒரு*
*தாயெறங்க எங்க மண்ணில் வழியிருக்கா?*

முதல் சுற்று கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் பாடி முடித்தபோது கைதட்டல் உடனே வரவில்லை. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள், அதற்குப் பிறகுதான் மண்டபம் தட்டியது. நடுவர்களில் ஒருவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்களில் என் பேரும் இருந்தது. அன்று சாயங்காலமே சேனலில் போட்டார்கள். யாரோ என் பாட்டை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். ராத்திரி படுக்கும்போது நான் சந்தோஷமாகத்தான் படுத்தேன்.

அந்த முதல் போனுக்குப் பிறகு போன் நிற்கவில்லை. பாராட்டியவர்கள்தான் ஜாஸ்தி, அதைச் சொல்ல வேண்டும். உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு லாரி டிரைவர் பேசினார். அவருடைய அம்மாவும் அப்படித்தான் போனாராம். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று வைத்துவிட்டார். ஆனால் பத்துப் பேர் பாராட்டி ஒருவர் திட்டினால் திட்டியதுதான் மனதில் நிற்கிறது. வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தவற்றை வாசிக்காதே என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போவார். போனதும் வாசிப்பேன். 'காசு வாங்கிட்டுப் பாடுறா', 'இவள மலைக்கே அனுப்புங்க', 'ரோடு போட்டா சாராயம் ஈசியா எறக்கலாம்னு பாக்கறாங்க'. கடைசியாகச் சொன்னதை ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய புரொஃபைல் படத்தில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாளில் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். அவருடைய கட்சிக் கூட்டங்களுக்கு என் வீட்டுக்காரர் பல தடவை செட் கட்டியிருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து, டீ வரவழைத்து எங்களுக்கும் கொடுத்தார்.

"தங்கச்சி நல்லாத்தான் பாடுது" என்று ஆரம்பித்தார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு. அந்த ஜீப்பு யாருது?"

"யாருதும் இல்லீங்கண்ணா. பொதுவாப் பாடனது."

"பொதுவான்னா எதுக்கு வெள்ளைன்னு பாடன? நம்மாளு மலைக்கு வந்தது வெள்ளை ஜீப்புலதான? எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லா ஜீப்பும் வெள்ளைதாங்கண்ணா" என்றேன். உண்மையில் அதற்காகத்தான் வெள்ளை என்று வைத்தேன். வேறு எந்த நிறத்தைச் சொன்னாலும் அது ஏதாவது ஒரு கட்சியின் நிறமாகிவிடும்.

அவர் சிரித்தார். கூட வந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபையரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"ஃபைனல்ல அந்த வரிய மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் பாடு, நாங்களே வந்து கை தட்டறோம்" என்று எழுந்தவர், படியிறங்கும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாசி மாசம் நம்ம திருவிழா இருக்குது இல்ல? செட்டு உனக்குத்தான்னு நெனச்சிக்கினு இருக்கேன்" என்றார்.

அவர்கள் போனபிறகு டீ கிளாஸ்களை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"எடுத்துடட்டுமா மாமா?" என்று கேட்டேன்.

"என்னக் கேக்காத" என்றார். பிறகு, "அந்த வரிய எடுத்தா பாட்டுல இன்னா இருக்கு?" என்று அவரே கேட்டார். அதற்கும் பதில் சொல்ல வேண்டியது நான்தானா என்று எனக்குப் புரியவில்லை.

இது ஒரு பக்கம். அந்த வாரக் கடைசியில், மலைக்குப் போகும் வழியில் இருக்கும் கச்சிராயபாளையத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. எதிர்த்தரப்புக்காரர்கள் வைத்தது. சேனலில் வந்த என் படத்தை எடுத்து, நான் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருக்கும் அதே முகத்தை, அவர்கள் தலைவர் படத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். 'மலைமகளின் குமுறல்' என்று பெரிய எழுத்து. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா போட்டோ பிடித்து அனுப்பி, 'கட்சியில சேந்துட்டியா, சொல்லவே இல்ல' என்று கேட்டிருந்தார். என் வீட்டுக்காரர் நேரே போய் ஃப்ளெக்ஸ் வைத்தவரைப் பார்த்து, "எடுத்துடுங்க, எங்களுக்குப் பொழப்பு போயிடும்" என்று கேட்டிருக்கிறார். "உங்க வூட்டம்மாவ ஹீரோயின் ஆக்கிட்டோம், கோவப்படறியே" என்றாராம் அவர். எடுக்கவில்லை.

இந்த இரண்டையும்கூடத் தாங்கிக்கொண்டேன். அண்ணன் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

"பாப்பா, நீ மேல வரணும். ஊர்ல பேசணும்ங்கறாங்க."

"இன்னாண்ணே, ஜீப்பு பாட்டுக்கா?"

"ஜீப்புக்கு இல்ல. சாராயத்துக்கு."

எங்கள் பக்கத்தில் சாராயம் என்ற சொல் சாதாரணச் சொல் கிடையாது. கள்ளக்குறிச்சியில் அதனால் செத்தவர்களின் வீடுகள் இருக்கின்றன. மலைக்காரன் என்றாலே சாராய ஊறல் போடுகிறவன் என்று பார்க்கிற கண்களும் இருக்கின்றன. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். லாரி டியூபில் சாராயம் அடைத்து இறக்குகிறவனுக்குக் காட்டுக்குள் வழி தெரிகிறது, என் அண்ணிக்கு வழியில்லை என்ற கோபத்தில் எழுதினேன். கேட்கிறவர்களுக்கு அந்தக் கோபம் போய்ச் சேரும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றபோது ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். யாரோ கிழித்திருந்தார்கள். தலைவர் முகம் அப்படியே இருந்தது. என் முகத்தில் மட்டும் நெற்றியிலிருந்து தாடை வரை பிளேடு போட்டுக் கிழித்திருந்தார்கள். காற்றுக்கு ஒரு பாதி மட்டும் மடிந்து மடிந்து விழுந்தது. பஸ்ஸில் யாரும் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் எனக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டார். அதற்கு முன்பே நான் பார்த்துவிட்டது அவருக்குத் தெரியாது. மலையேறும் வளைவுகளில் எனக்கு வாந்தி வருவதில்லை, பிறந்ததிலிருந்து பழக்கம். அன்றைக்கு வந்தது.

ஊரில் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியைத் தூளியில் தூக்கி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் சித்தப்பா முறை ஆகிறவர் ஒருவர்தான் பேசினார்.

"நீ பாடனது பொய்யின்னு யாரும் சொல்லல, புள்ள. செய்யறவன் செஞ்சிக்கினுதான் இருக்கான். எம் பையன் கீழ காலேஜு படிக்கறான், உனக்குத் தெரியும். பஸ் ஏறனா, 'இன்னா மலை, டியூப் எறங்கிடுச்சா?'ன்னு உன் பாட்டையே பாடறானுங்களாம். ரெண்டு வாரமா காலேஜு போவல அவன். அந்த வரிய எடுத்துடு."

"நான் நம்ம ஊரக் கேவலப்படுத்தறதுக்குப் பாடல சித்தப்பா. ரோடு கேட்டுதான் பாடனேன்" என்றேன்.

"நீ ரோடு கேட்ட. கீழ இருக்கறவனுக்கு டியூப்தான் கேட்டுச்சு" என்றார்.

அவர் சொன்னது சரி. மூன்று பேர் கடைக்கு வந்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டபோது வராத குழப்பம் எனக்கு அப்போது வந்தது. இங்கே ஒரு வரியை எடுக்கச் சொல்கிறார்கள், அங்கே ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள். இவர்களுக்காக எடுத்தால் அவர்களுக்காகவும் எடுக்க வேண்டாமா? எடுக்க மாட்டேன் என்றால் இரண்டையும்தானே மறுக்க வேண்டும்?

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணி அப்போதுதான் பேசினார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"பாட்டு எனக்குப் பாடனது. நான்தான் பாடச் சொன்னேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க." பிறகு என்னைப் பார்த்து, "அந்தச் சாராயம் வேணாம் பாப்பா. என் புள்ள பாட்டுல அது எதுக்கு?" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு இருந்த குழப்பம் அதோடு தீர்ந்தது. ஜீப்பில் வந்தவர்களுக்குப் பாட்டின்மேல் பாத்தியதை இல்லை. அண்ணிக்கு இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வரியை மாற்றினேன். *சாமை மூட்டை எறங்க ஒரு வழியிருக்கு.* தலைச்சுமையாகத்தான் இறங்குகிறது, ஆனாலும் இறங்குகிறது. பாடிக் காட்டினேன். சித்தப்பா தலையாட்டினார். "முன்ன இருந்த காரம் இல்ல" என்றும் சொன்னார். எனக்கும் அது தெரிந்தது.

இறுதிச் சுற்றுக்கு முந்திய நாள் சேனலிலிருந்து பேசினார்கள். பேசிய தம்பி மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"சிஸ்டர், மேல இருந்து பிரஷர் ஜாஸ்தியா இருக்கு. நீங்க ஒரு மாரியம்மன் பாட்டு பாடிடறீங்களா? நாங்களே எழுதித் தர்றோம்."

"சொந்தப் பாட்டுதான பாடணும்னு சொன்னீங்க?"

"அது முன்னாடி சிஸ்டர்."

"வேற பாட்டு பாடறதுன்னா நான் வரல தம்பி. பேர எடுத்துடுங்க."

அவர் யாரிடமோ கேட்டுவிட்டு மறுபடி பேசினார். பேரை எடுத்தால் அதையும் பேசுவார்கள் என்று பயந்திருக்க வேண்டும். "வாங்க சிஸ்டர், ஆனா பாத்துப் பாடுங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார்கள். எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை.

இறுதிச் சுற்றுக்கு மண்டபத்தில் செட் கட்டும் வேலை முதலில் என் வீட்டுக்காரருக்குத்தான் பேசியிருந்தார்கள். அதை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்தில் ஒருவராகச் சுவரோரம் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது. அண்ணனும் அண்ணியும் மலையிலிருந்து வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா மகனும் வந்திருந்தான். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒரு பக்கச் சுவரில் கடைக்கு வந்தவர்கள், எதிர்ச் சுவரில் ஃப்ளெக்ஸ் வைத்தவர்கள். மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தேன்.

பாட்டில் வெள்ளை ஜீப்பு வந்ததும் மண்டபம் கைதட்டியது. கடைக்கு வந்தவர் தட்டவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழுந்து கத்தவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. தைரியம் வந்து, அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தேன்.

நான் "சாமை" என்று தொடங்குவதற்குள் கூட்டமே பாடியது. "சாராய டியூப் எறங்க வழியிருக்கு!"

அத்தனை வாரமாகப் போனில் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. விரோதமாகப் பாடவில்லை, ஆசையாகத்தான் பாடினார்கள். சிரித்துக்கொண்டு, தாளம் தட்டிக்கொண்டு பாடினார்கள். நான் மைக்கில் சாமை மூட்டை என்று பாடினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த வரியை இரண்டாம் தடவை பாடும்போது, கையைக் காட்டிக் கூட்டத்தை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். முன்னைவிடச் சத்தமாகப் பாடினார்கள். நான் கைகாட்டியதை, சேர்ந்து பாடச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நாலாவது வரிசையில் சித்தப்பா மகன் எழுந்து வெளியே போனான். அண்ணி அவன் போவதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் தூக்கி வந்தவர்களைப் பற்றிப் பேசியபோது இருந்த அதே முகம்.

நான் எப்படிப் பாடி முடித்தேன் என்று ஞாபகம் இல்லை. எனக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள், ஒரு ஹாட் பாக்ஸ். பாட்டு நன்றாக இருந்தாலும் தலைப்புக்குப் பொருந்தவில்லை என்றார் நடுவர். சேனலில் போட்டபோது என் பாட்டைப் போடவில்லை. வெளியே வந்ததும் முகம் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு செல்பி எடுத்தார். "அந்தச் சாராய வரி சூப்பருங்க" என்றார்.

சித்தப்பா மகனை பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். "நீ மாத்திப் பாடனது எனக்குக் கேட்டுச்சுக்கா. அவனுங்களுக்குத்தான் கேக்கல" என்றான். அடுத்த வாரத்திலிருந்து காலேஜுக்குப் போனான். பஸ்ஸில் இன்னமும் பாடுகிறார்களா என்று நான் கேட்கவில்லை.

மாசித் திருவிழாவின் செட் எங்களுக்கு வரவில்லை. எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கூட்டத்துக்குக் கேட்டு வந்தார்கள், கூடவே நானும் மேடையில் பாட வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டார். கல்யாணமும் காதுகுத்தும் போதும் என்று இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். போதவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் ஆர்டர் பிடித்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பாதையில் சர்வே எடுக்க ஆட்கள் வந்து டேப் பிடித்துப் போனார்களாம். பாட்டுக்காக வந்தார்களா, வழக்கமாக வருகிறவர்களா தெரியாது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

போன மாதம் அண்ணன், அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அண்ணி மறுபடியும் முழுகாமல் இருக்கிறார், வந்தபோது ஏழு மாதம். இந்தத் தடவை மழைக்கு முன்னாலேயே கீழே வந்துவிடச் சொல்லி நான்தான் அடம் பிடித்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, யூனிஃபார்ம் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கிறார். ஊசியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தால் நான் மெஷினை நிறுத்திவிடுகிறேன்.

"இன்னா அண்ணி, வலிக்குதா?"

"ஒக்காந்தே இருக்கேன் இல்ல, அதான். நீ தையி" என்கிறார்.

தெருமுனையிலேயே ஆட்டோ ஸ்டாண்ட். ஆஸ்பத்திரிக்கு வழி நேர் வழி. ஆனாலும் ஆட்டோக்காரர்கள் மூன்று பேரிடமும் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.